கூலர் மாட்டிய வாஜா கார் மலைப்பாதையில் மூன்றாவது கியரிலேயே பூட்டிக்கொள்கிறது

27 ஜனவரி 2024, சனி. மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள பீடோர் ஊர் வாசகர் கேட்கிறார்:
ஆட்டோ கியர் காரில் கியர் எண்ணெயைக் குளிர்விக்க, பெட்டிக்கு வெளியே தனியாக ஒரு கூலர் மாட்டலாமா? பட்டறைக்காரர் வேண்டாம் என்கிறார். மைத்துனரோ அது இல்லாமல் கேமரன் மலை ஏறவே கூடாது என்கிறார். சொந்தக் கையால் மாட்டியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

28 ஜனவரி, ஞாயிறு இரவு
மாட்டலாம். இன்று பகல் முழுவதும் நான் அதைத்தான் செய்தேன்.

என் கார் புரோட்டான் வாஜா, 1.6 லிட்டர் இஞ்சின், நான்கு கியர் ஆட்டோ. மலையடிவார ஊரான தாப்பாவில் கோயிலுக்குப் பக்கத்தில் என் மனைவி பூமாலைக் கடை வைத்திருக்கிறார். வியாழன்தோறும் விடியற்காலையில் மலை ஏறி, செவ்வந்திப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு மதியத்துக்குள் இறங்குவது என் வேலை. 59ஆம் எண் பாதை எப்படிப்பட்டது என்று இங்கே பலருக்குத் தெரியும். தாப்பாவிலிருந்து மலைமேலுள்ள தானா ராத்தா ஏறத்தாழ 60 கிலோமீட்டர். ஊர் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,400 மீட்டர் ஏற வேண்டும். நேராக நூறு மீட்டர் ஓடினால் பெரிய விஷயம். தைப்பூசத்துக்காக ஒரே வாரத்தில் மூன்று முறை ஏறினேன். மூன்றாம் முறை இறங்கியதும் டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தேன். எண்ணெய் தேயிலைச் சாயம்போல் பழுத்திருந்தது, கருகிய வாடையும் வந்தது. அப்போதே கூலர் போடுவதென்று முடிவெடுத்துவிட்டேன்.

வாங்கியது தகடு அடுக்கிய வகைக் கூலர். ஹோஸ், கிளிப், இந்தக் கியர்பெட்டிக்கு உரிய எஸ்பி-3 வகை எண்ணெய் எல்லாம் சேர்த்து 310 ரிங்கிட். கியர்பெட்டியிலிருந்து சூடாக வரும் எண்ணெய் முதலில் வழக்கம்போல் ரேடியேட்டரின் அடித்தொட்டிக்குள் போகிறது. அங்கிருந்து புதுக் கூலர். அதன் பிறகு பெட்டிக்குத் திரும்புகிறது. எந்தக் குழாய் வெளியே தள்ளுகிறது, எது உள்ளே வாங்குகிறது என்பதை ஊகிக்காதீர்கள். ஒன்றைக் கழற்றிப் புட்டிக்குள் விட்டு, இஞ்சினை மூன்று நான்கு விநாடி மட்டும் ஓடவிட்டால் தெரிந்துவிடும். கூலரை ஏசி கன்டென்சருக்கு முன்னால் இரண்டு இரும்புப் பட்டையில் நிறுத்தினேன். பேட்டரியையும் அதன் தட்டையும் எடுத்துவிட்டு, அந்த வழியாக ஹோஸைக் கொண்டுபோனேன்.

முதலில் லீவரை 'டி'யில், அதாவது முன்னோக்கி ஓட்டும் நிலையில், போட்டபோது கார் நகர இரண்டு விநாடி ஆனது. வெற்றுக் கூலரும் புது ஹோஸும் தமக்கு வேண்டிய எண்ணெயை எடுத்துக்கொண்டதால் அளவு குறைந்திருக்கிறது. நிரப்பினேன், சரியாகிவிட்டது.

மாட்டுங்கள். பயப்பட ஒன்றுமில்லை.

1 பிப்ரவரி, வியாழன் இரவு
மேலே "பயப்பட ஒன்றுமில்லை" என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். நான் சொல்லும்வரை யாரும் மாட்டாதீர்கள்.

காலை 5.30க்குப் புறப்பட்டேன். லாத்தா இஸ்கந்தார் அருவிக்குக் கொஞ்சம் முன்னால் இடப்பக்க வளைவு ஒன்றில் ஆக்சிலேட்டரை அழுத்தினேன். இஞ்சின் உறுமியது, கார் ஏறவில்லை. ஒரு குலுக்கல். அதன் பிறகு என்ன செய்தும் கீழ்க் கியருக்கு மாறவே இல்லை, மூன்றாவதிலேயே முரண்டு பிடித்தது. பின்னால் காய்கறி லோரி ஒன்று விளக்கடித்துக்கொண்டே வந்தது. அருவிக்கு எதிரே ஒதுக்கிச் சாவியை அணைத்தேன். பத்து நிமிடம் கழித்து மீண்டும் போட்டால், எதுவுமே நடக்காததுபோல் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒழுங்காக மாறியது. மலைமேல் முதல் ஊரான ரிங்லெட் போவதற்குள் இன்னும் இரண்டு முறை அதே கதை. இரண்டு முறையும் சாவியை அணைத்துப் போட்டதும் சரியானது.

பூ வந்து சேர்ந்தது. ஆனால் வெள்ளிக்கிழமைக்கு மாலை கட்டப் பூ போய்ச் சேருமா என்று நினைத்தபடி அந்த ஓரத்தில் நின்றபோது மனம் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

2 பிப்ரவரி, வெள்ளி
பானட்டைத் திறந்து பார்த்தேன். கியர்பெட்டியின் மேல் பகுதி முழுவதும் சிவப்பு எண்ணெய். ஹோஸ் இணைப்புகள் நான்கும் உலர்ந்திருக்கின்றன. பெட்டிக்குள் இருக்கும் காற்று வெளியேற வைத்த மூச்சுக் குழாய் வழியாகத்தான் எண்ணெய் பொங்கி வெளியே வந்திருக்கிறது.

4 பிப்ரவரி, ஞாயிறு
ஒரு தவற்றைக் கண்டுபிடித்தேன். என் தவறுதான்.

கூலர் மாட்டிய அன்று, எண்ணெய் ஆறியிருக்கும்போதே டிப்ஸ்டிக்கின் "சூடு" கோடுவரை நிரப்பியிருந்தேன். இந்த எண்ணெய் சூடேறினால் விரியும். ஆறிய நிலையில் அந்தக் கோட்டைத் தொட்டால், மலையில் கொதிக்கும்போது அளவு மிஞ்சிவிடும். மிஞ்சிய எண்ணெயில் உள்ளே சுழலும் பாகங்கள் அடிபடும், எண்ணெய் நுரைக்கும். நுரையில் காற்று இருப்பதால் அழுத்தம் நிற்காது, அழுத்தம் இல்லாத கிளட்ச் வழுக்கும். இஞ்சின் உறுமியதற்கும் மூச்சுக் குழாய் பொங்கியதற்கும் இதுவே காரணம்.

இந்தப் பெட்டிக்கு அளவு பார்க்கும் முறை இது: இருபது நிமிடம் ஓட்டி எண்ணெயை 70, 80 டிகிரிக்குக் கொண்டுவந்து, சமதரையில் நிறுத்தி, பிரேக்கை மிதித்தபடி லீவரை எல்லா நிலைக்கும் ஒருமுறை கொண்டுபோய், 'என்'னில் (நியூட்ரல்) வைத்து, இஞ்சின் ஓடும்போதே பார்க்க வேண்டும். எல்லாக் காருக்கும் 'என்' கிடையாது, சிலவற்றுக்கு 'பி' (பார்க்). உங்கள் காரின் கையேட்டைப் பாருங்கள்.

மருந்துக் கடையில் பெரிய ஊசிக் குழல் ஒன்று வாங்கி, மெல்லிய குழாயை அதில் செருகி, டிப்ஸ்டிக் வழியாகவே உறிஞ்சி எடுத்தேன். முக்கால் லிட்டர் அதிகமாக இருந்தது. முக்கால் லிட்டர்!

வியாழக்கிழமை பார்ப்போம். பிரச்சினை தீர்ந்துவிட்டதென்றே நினைக்கிறேன்.

8 பிப்ரவரி, வியாழன்
தீரவில்லை. உறுமல் இல்லை, வழுக்கல் இல்லை, பொங்கலும் இல்லை. ஆனால் அருவிக்கு முன்னால் மறுபடி மூன்றாவதில் பூட்டிக்கொண்டது.

9 பிப்ரவரி, வெள்ளி
பதில் எழுதியவர்களுக்கு வரிசையாகச் சொல்கிறேன்.

ரேடியேட்டரைத் தவிர்த்துவிட்டு நேரே கூலருக்குக் கொண்டுபோகச் சொன்னவருக்கு: நம் ஊர் வெயிலில் அப்படிச் செய்தாலும் எண்ணெய் அளவுக்கு மீறிக் குளிராது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு நோய்க்கு மருந்து தேடும்போது இன்னொரு மாற்றத்தையும் சேர்த்தால், எது வேலை செய்தது என்று கடைசிவரை தெரியாது. இப்போது வேண்டாம்.

எண்ணெய் தவறு என்பவருக்கு: எஸ்பி-3 தான். டப்பா இன்னும் இருக்கிறது. ஒருமுறை வடித்தால் பாதிக்குச் சற்று மேல்தான் இறங்கும். மீதி பெரும்பாலும் டார்க் கன்வெர்ட்டரில், அதாவது இஞ்சினின் சுழற்சியை எண்ணெய் வழியாகப் பெட்டிக்குக் கடத்தும் பாகத்தில், தங்கிவிடும். ஆகவே பழைய எண்ணெய் கலந்திருக்கிறது என்பது உண்மை. அடுத்த மாதம் இன்னொரு முறை வடிப்பேன்.

ஹோஸ் எங்காவது மடிந்து எண்ணெய் ஓட்டம் தடைபடுகிறதா என்று கேட்டவருக்கு: நல்ல கேள்வி. பார்க்கிறேன்.

12 பிப்ரவரி, திங்கள்
சீனப் பெருநாள் விடுமுறை, உதிரிபாகக் கடை ஒன்றுகூடத் திறக்கவில்லை. இருப்பதை வைத்துச் சோதித்தேன். திரும்பி வரும் குழாயைக் கழற்றி, அளவு குறித்த புட்டிக்குள் விட்டு, இஞ்சினைப் பத்து விநாடி ஓடவிட்டேன். பிறகு கூலரை விலக்கி, பழைய வழியிலேயே அதே பத்து விநாடி. இரண்டுக்கும் இடையே பெரிய வித்தியாசம் இல்லை. கூலர் அடைக்கவில்லை.

ஆனால் வலது விளக்குக்குப் பின்னால், ஹோஸ் பட்டையைச் சுற்றித் திரும்பும் இடம் லேசாகத் தட்டையாகியிருந்தது. விரலால் அமுக்கிப் பார்த்தபோது வேறொன்றும் கண்ணில் பட்டது. கடைக்காரர் எனக்குத் தந்தது பெட்ரோல் ஹோஸ். இந்த வேலைக்கென்று உள்ள ஹோஸில் எஸ்ஏஇ ஜே1532 என்று அச்சடித்திருக்கும். சூடான கியர் எண்ணெயைத் தாங்குவதற்கென்றே செய்தது அது. சாதாரண ஹோஸ் நாளடைவில் இறுகி வெடிக்கலாம். வெடித்து எண்ணெய் எக்ஸாஸ்ட் மேல் கொட்டினால் கார் தீப்பிடிக்கலாம். என் முதல் குறிப்பைப் படித்து யாராவது ஏதோ ஒரு ஹோஸ் வாங்கியிருந்தால், தயவுசெய்து இன்றே எடுத்துப் பாருங்கள்.

14 பிப்ரவரி, புதன்
சரியான ஹோஸ் ஈப்போவிலிருந்து வந்துவிட்டது. மாற்றினேன். கூடவே ஒரு செட் சோலனாய்டும் வாங்கினேன், கியர் மாற்ற எண்ணெய் வழிகளைத் திறந்து மூடும் மின்வால்வுகள் அவை. மூன்றாவதில் பூட்டிக்கொண்டால் சோலனாய்டுதான் என்று மூன்று பேர் எழுதியிருந்தார்கள். 260 ரிங்கிட்.

15 பிப்ரவரி, வியாழன்
இன்று ஒன்று புதிதாகத் தெரிந்தது. அருவிவரை போகவில்லை, மலை தொடங்கிய பத்தே நிமிடத்தில், முதல் செங்குத்து ஏற்றத்திலேயே பூட்டிக்கொண்டது. அப்போது எண்ணெய் அளவுக்கு மீறிச் சூடாகியிருக்காது. இரண்டு வாரமாகச் சூடு, சூடு என்று அதையே துரத்திக்கொண்டிருந்தேன். சூடு இல்லை என்றால் வேறு என்ன?

18 பிப்ரவரி, ஞாயிறு. நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.
நான் பிறந்து வளர்ந்த ரப்பர்த் தோட்டத்தில் டிராக்டரும் லோரியும் பழுது பார்த்த ஃபிட்டர் ஒருவர் இப்போது என் வீட்டுக்கு நான்கு வீடு தள்ளி இருக்கிறார். எழுபது தாண்டிவிட்டது. அப்பா பால்மரம் வெட்டிய காலத்திலிருந்தே எங்களுக்கு அவர் மாமா. ஆட்டோ கியரைத் தொட்டதே இல்லை என்பதால் அவரிடம் நான் கேட்கவில்லை. என் மகள்தான் இந்தக் குறிப்புகளையெல்லாம் அவருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறாள். காலையில் அவரே வந்துவிட்டார்.

"சாவியை அணைத்துப் போட்டால் சரியாகிறது என்று முதல் நாளே எழுதியிருக்கிறாய். சாவிக்கு அடங்குகிற நோய் எண்ணெயில் இருக்காது, தம்பி. கம்பியில் பார்."

1ஆம் தேதி எழுதியதை மீண்டும் படித்தேன். உண்மை. மூன்று முறை எழுதியிருக்கிறேன், ஒருமுறைகூட என் கண்ணுக்கு அது படவில்லை.

நடப்பது இதுதான். சென்சாரிலிருந்து வரும் செய்தி பொருந்தாமல் போனால், கியரைக் கட்டுப்படுத்தும் கணினி சோலனாய்டுகளுக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்திவிடும். மின்சாரம் இல்லாத நிலையில் இந்தப் பெட்டி தானாக மூன்றாவதில் நிற்கும்படி வடிவமைத்திருக்கிறார்கள், எப்படியாவது வீடு போய்ச் சேரலாம் என்பதற்காக. சாவியை அணைத்துப் போட்டால் கணினி அந்த நிறுத்தத்தை விலக்கிப் புதிதாகத் தொடங்கும், பழுதுக் குறி மட்டும் அதன் நினைவில் இருக்கும்.

பெட்ரோல் நிலையத்துக்குப் பக்கத்துப் பட்டறையில், அந்தக் குறியைப் படிக்கும் ஸ்கேனரைக் கடன் வாங்கி மாட்டினோம். பி0715 என்று வந்தது. கியர்பெட்டியின் உள்தண்டு எத்தனை வேகத்தில் சுழல்கிறது என்று சொல்லும் சென்சாரின் மின்சுற்றில் கோளாறு. சோலனாய்டு பற்றி ஒரு குறியும் இல்லை. மனம் கேட்காமல் இணைப்பியில் மல்டிமீட்டரை வைத்து அளந்தேன். ஒவ்வொரு சோலனாய்டும் 3 ஓம் பக்கத்தில், 2.7க்கும் 3.4க்கும் நடுவே. எல்லாம் நல்ல நிலையில் இருக்கின்றன. வாங்கிய செட்டை உறை பிரிக்காமல் திருப்பிக் கொடுக்கப் போகிறேன்.

மாமா அடுத்துக் கேட்டது: "கூலர் மாட்டும்போது எங்கெங்கே கையை வைத்தாய், வரிசையாகச் சொல்."

பேட்டரி. தட்டு. ஹோஸ். ஹோஸ் ஆடாமல் இருக்க மூன்று கேபிள் டை. மூன்றாவது டையை எதோடு சேர்த்துக் கட்டினேன் என்று காட்டச் சொன்னார். பேட்டரித் தட்டுக்கு அடியில் போகும் கம்பிக் கொத்தோடு.

மல்டிமீட்டரைச் சென்சார் கம்பியின் இரு முனையிலும் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்தேன். மாமா இஞ்சினை இரண்டு கையாலும் பிடித்து, ஏற்றத்தில் அது சாய்கிற பக்கமாகவே தள்ளினார். ஒலித்துக்கொண்டிருந்த மீட்டர் சட்டென்று அடங்கியது. விட்டார், ஒலித்தது. தள்ளினார், அடங்கியது. என் காரின் இஞ்சின் தாங்கிகள் பழையவை. சமதரையில் இஞ்சின் அசையாது. மலையில் அழுத்தம் கொடுத்தால் பின்னால் சாயும், ஹோஸ் இழுபடும், ஹோஸ் கம்பிக் கொத்தை இழுக்கும்.

டையை வெட்டிவிட்டு அந்தக் கம்பியை விரல்களுக்கு நடுவே உருட்டினேன். மேலுறையில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் ஓர் இடத்தில் மட்டும், ஒரு நெல் நீளத்துக்கு, எலும்பில்லாத விரலைப்போல் குழைந்தது. மெதுவாக இழுத்தால் அங்கே மட்டும் உறை ரப்பராக நீண்டு மெலிந்தது. பிளேடால் பிரித்தோம். உள்ளே செம்பு இழைகள் எல்லாமே அறுந்து, முனையோடு முனை தொட்டும் தொடாமலும் நின்றன. முனைகள் பளபளவென்று புதிதாக இருந்தன.

ஈயம் வைத்து ஒட்டி, சூட்டில் சுருங்கும் உறை போட்டு, ஹோஸைத் தனிப் பட்டையில் நிறுத்தினேன். கம்பியையும் ஹோஸையும் இனி என்றைக்கும் ஒன்றாகக் கட்ட மாட்டேன். வேலை நாற்பது நிமிடம். செலவு மூன்று ரிங்கிட். மாமா ஒரு கோப்பை தேநீர் மட்டும் குடித்துவிட்டுப் போனார்.

22 பிப்ரவரி, வியாழன்
ஏறினேன். ஒரு முறைகூடப் பூட்டவில்லை. ரிங்லெட்டில் நிறுத்தி, ஸ்டீயரிங்கில் தலை சாய்த்துக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

24 பிப்ரவரி, சனி
சுங்கை சிப்புட்டிலிருந்து பட்டறைத் தொழிலாளர் ஒருவர் திருத்தியிருக்கிறார், அவர் சொல்வது சரி. கிளட்ச் உண்மையிலேயே வழுக்கினாலும் கியர் விகிதம் பொருந்தாமல் கணினி மூன்றாவதில் பூட்டும். அதுவும் சாவிக்குத் தற்காலிகமாக அடங்கும். ஆகவே மாமா சொன்னதை எல்லாக் காருக்கும் விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் வழுக்கினால் முன்கூட்டியே உறுமல் வரும், குறியும் கியர் விகிதப் பிழையைக் காட்டும் பி0731, பி0732 என்ற வரிசையில் வரும். முதல் வாரம் எனக்கு நுரையால் உறுமல், கம்பியால் பூட்டு, இரண்டும் ஒரே நாளில் வந்தன. ஒன்றைச் சரிசெய்தபோது மற்றதும் சரியாகிவிட்டது என்று நம்பினேன். நான் ஏமாந்த இடம் அதுதான்.

மாமாவிடம் இதை வாசித்துக் காட்டினேன். "அவர் சொல்வது நியாயம்" என்றார்.

10 மார்ச், ஞாயிறு
பீடோர் வாசகர் கேட்ட கேள்விக்கு நான் இன்னும் நேராகப் பதில் சொல்லவில்லை. கூலர் போட்டதால் பயன் உண்டா? மாட்டுவதற்கு முன் வெப்பத்தை அளக்காமல் விட்டது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால் மூன்று வாரமாக, வியாழன்களோடு இன்னும் சில நாளும் ஏறி, திரும்பி வரும் ஹோஸின் மேல் வெப்பமானித் துப்பாக்கியை வைத்து, ரிங்லெட் சேர்ந்ததும் அளந்தேன்.

கூலரின் முகத்தை அட்டையால் மறைத்து, லீவரை டியிலேயே விட்டு ஏறினால் 103 டிகிரி. அட்டையை எடுத்துவிட்டு, அதே டியில், 88. அட்டை இருக்க, லீவரைக் கீழ்நிலைக்கு இழுத்து, பெட்டி மூன்றுக்கும் நான்குக்கும் தாவாமல் பார்த்துக்கொண்டால் 92. அட்டையும் இல்லாமல் கீழ்நிலையிலும் ஏறினால் 81.

இது ஹோஸின் மேல்தோல் வெப்பம். உள்ளே எண்ணெய் இன்னும் சூடாகவே இருக்கும். அட்டை பின்னால் இருக்கும் கன்டென்சரையும் கொஞ்சம் மறைக்கிறது. ஆனாலும் நான்கு எண்களையும் பாருங்கள். கூலர் குறைத்தது 15. காசு செலவில்லாமல் லீவரை இழுத்தது 11. ஏற்றத்தில் பிறக்கும் சூட்டில் பெரும்பங்கு டார்க் கன்வெர்ட்டருக்குள் எண்ணெய் உராய்வதால் வருவது. கீழ்க் கியரில் இஞ்சின் வேகமாகச் சுழன்றாலும் அங்கே வழுக்கல் குறைகிறது. 80 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 11 டிகிரிக்கும் எண்ணெயின் ஆயுள் பாதியாகும் என்று தொழிலில் இருப்பவர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள். அதன்படி பார்த்தால் 103க்கும் 81க்கும் இடையே நான்கு மடங்கு.

பதினொரு வருடமாக அந்த மலையில் டியிலேயே ஏறியிருக்கிறேன். தைப்பூச வாரத்தில் கருகிய எண்ணெய்க்குக் கூலர் இல்லாததைவிட என் கைதான் பெரிய காரணமாக இருந்திருக்கலாம்.

ஆகவே என் பதில்: மாதம் ஒருமுறை மலைக்குப் போகிறவர் கூலர் வாங்க வேண்டாம். எண்ணெயை மாற்றுங்கள், லீவரைப் பயன்படுத்துங்கள். என்னைப்போல் வாரந்தோறும் ஏறுபவர் போடலாம். உங்கள் பட்டறைக்காரரும் மைத்துனரும் ஆளுக்குப் பாதி சரி.

7 ஏப்ரல், ஞாயிறு
இரண்டாவது முறை எண்ணெய் வடித்தேன். செர்ரி நிறத்தில் தெளிவாக இருக்கிறது, வாடை இல்லை. அடித் திருகின் காந்தத்தில் மாவுபோல் சாம்பல் பொடி மட்டும். துண்டு எதுவும் இல்லை. கிளிப் நான்கில் ஒன்று மட்டும் அரைச் சுற்று இறுக்கம் கேட்டது. சூடேறி ஆறிய முதல் சில வாரங்களில் அப்படி ஆகும், பார்த்துக்கொள்ளுங்கள்.

பீடோர் வாசகருக்கு: வாரந்தோறும் ரிங்லெட்டுக்குச் சாமான் ஏற்றுவதாக இப்போதுதான் சொல்கிறீர்கள், அப்படியானால் போட்டுவிடலாம். நோன்புப் பெருநாள் நெரிசல் அடங்கட்டும். 21ஆம் தேதி ஞாயிறு காலை எட்டு மணிக்கு வாருங்கள். ஹோஸில் ஜே1532 என்று இருக்கிறதா என்று கடையிலேயே படித்து வாங்குங்கள். கேபிள் டை வேண்டாம், பட்டை என்னிடம் இருக்கிறது. வருவதற்கு முன், ஒரு திருகைக்கூடத் தொடாமல், பேட்டரித் தட்டைச் சுற்றி நான்கு பக்கமும் படம் எடுத்துவிடுங்கள். பீடோரிலிருந்து வந்து சேரும்போது இஞ்சின் சூடாக இருக்கும். முதலில் எண்ணெய் அளவைப் பார்த்துக் குறித்துக்கொள்வோம், பிறகு அது ஆறும்வரை மாமா வீட்டில் உட்காரலாம். அவரும் வருகிறேன் என்றிருக்கிறார்.